பெயர்ப்பலகை அழிந்த மோட்டாருக்கு ஒரு புரொப்பல்லர்

சாக்குப் பையிலிருந்து மச்சான் அந்தப் புரொப்பல்லரை எடுத்து, ஒரகடம் அருகே வடக்குப்பட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வைத்தபோது அதில் இரண்டரை இறக்கைதான் இருந்தது. மூன்றாவது இறக்கை பாதியில் முறிந்து, முறிந்த வாய் கற்கண்டு உடைத்ததுபோல் பொரபொரவென்று இருந்தது. "மாப்ளே, உங்க பக்கம் காரு, லாரி எல்லாமே செய்றாங்க. இது ஒண்ணே ஒண்ணு செஞ்சு தர மாட்டாங்களா?" என்று கேட்டார். சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் அவருடைய அப்பா வாங்கிய அவுட்போர்டு மோட்டாருடையது அது. மோட்டார் அமெரிக்காவில் செய்தது என்பது மட்டும்தான் வீட்டில் தெரியும். பெயர்ப்பலகையை உப்புக்காற்று எப்போதோ தின்றுவிட்டது. மோட்டார் இன்றும் இரண்டு இழுப்பில் உறுமுகிறது. புரொப்பல்லர் இல்லாததால் ஆறு மாதமாகக் கொட்டகையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கேள்வியோடு பல மாதம் கடைகடையாக ஏறி, படித்து, அளந்து பார்த்ததை இங்கே தொகுத்து எழுதுகிறேன். ஒரகடம் வட்டாரத்தில் இருபது ஆண்டாக உதிரிபாகங்களைத் தரப் பரிசோதனை செய்து வாழ்பவன் நான். கடல் என் தொழில் அல்ல. ஆனாலும் அலைந்து முடித்தபின் ஒரு முடிவு உறுதிப்பட்டது. பழைய மோட்டாருக்குப் புரொப்பல்லர் தேடுகிறவர் கம்பெனிப் பெயரைத் தேடக்கூடாது, அளவைத் தேட வேண்டும். பெயர் அழிந்தாலும் அளவு அழிவதில்லை.

முதலில், அசல் புரொப்பல்லர் ஏன் கிடைப்பதில்லை என்று பார்க்கலாம். படகின் பின்பலகையில் மாட்டிக் கழற்றக்கூடிய மோட்டாரை, அதாவது அவுட்போர்டை, பெரிய அளவில் சந்தைக்குக் கொண்டுவந்தவர் ஓலே எவின்ரூட். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் மில்வாக்கியில் குடியேறியவர். அவருடைய மோட்டார் 1909இல் விற்பனைக்கு வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டில் ஜான்சன் சகோதரர்களின் மோட்டாரும் வந்து சேர்ந்தது. 1936இல் இரண்டும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. உலகின் பாதிக் கரைகளில் ஓடிய அந்த இரு பெயர்களையும் வைத்திருந்த நிறுவனம் 2000 டிசம்பரில் திவாலானது. பெயர்களை வாங்கிய கனடா நிறுவனமும் 2020இல் எவின்ரூட் மோட்டார் செய்வதை நிறுத்திவிட்டது. இங்கிலாந்தின் பிரிட்டிஷ் சீகல் 1930களில் பிறந்து 1996இல் உற்பத்தியை முடித்துக்கொண்டது. நிறுவனம் போனதும் அதன் பாக எண், வரைபடம், அச்சு எல்லாம் கைமாறிக் கைமாறிக் காணாமல் போகின்றன. மோட்டார் மட்டும் சாவதில்லை. இரண்டு ஸ்ட்ரோக் மோட்டாரில் தேய்கிற பாகங்கள் குறைவு. பார்த்துப் பார்த்து வைத்துக்கொண்டால் அறுபது வருடம்கூட ஓடும். முதலில் உடைவது எப்போதும் புரொப்பல்லர்தான், ஏனென்றால் பாறையையும் மணல்திட்டையும் முதலில் தொடுவது அது.

ஜப்பானிய மோட்டார்களின் நிலை வேறு. யமஹா 1960இல் தன் முதல் அவுட்போர்டைச் செய்தது, இன்றும் செய்கிறது. அதே பெயர் எங்கள் வட்டாரத்திலும் இருக்கிறது. வல்லம் வடகால் தொழிற்பூங்காவில் 2015 முதல் இயங்கும் அவர்களுடைய ஆலையிலிருந்து மோட்டார்சைக்கிள்கள் வருகின்றன, படகு மோட்டார் வருவதில்லை. மச்சானின் நம்பிக்கைக்கு அந்த ஆலையின் பெயர்ப்பலகையும் ஒரு காரணம் என்று பிறகு தெரிந்தது. பஸ்ஸில் வரும்போது அதைப் பார்த்திருக்கிறார்.

நம் கரைக்கு இந்த மோட்டார்கள் வந்த கதையைத் தெரிந்துகொண்டால், எந்தப் பாகம் எங்கே கிடைக்கும் என்பதும் விளங்கிவிடும். கட்டுமரத்திலும் வள்ளத்திலும் மோட்டார் மாட்டும் வேகம் 1980களில்தான் பிடித்தது. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் மண்ணெண்ணெயில் ஓடும் சிறு அவுட்போர்டுகள் பரவின. அங்கே மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் சம்மேளனம், மோட்டார்களை இறக்குமதி செய்ததோடு நிற்காமல் பழுதுபார்க்கும் பட்டறைகளையும் கரையோரம் நடத்தியது. ஆகவே குமரிக்கரையில் மெக்கானிக் இருக்கிறார், பாகம் இருக்கிறது, பழைய பாகத்தைப் பார்த்தவுடன் பெயர் சொல்லும் கண்ணும் இருக்கிறது. சோழமண்டலக் கரையில் அப்படி இல்லை. சுனாமிக்குப் பின் கட்டுமரங்களின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகுகள் பிடித்தபோது, இங்கே பெரும்பாலோர் டீசல் இன்ஜினில் நீண்ட தண்டு மாட்டிய வகைக்குப் போய்விட்டார்கள். டீசல் எளிதில் கிடைத்தது, இன்ஜின் உள்நாட்டில் செய்தது, தண்டைத் தூக்கி அலையைத் தாண்டலாம், உடைந்தால் கரையிலேயே சரிசெய்யலாம். நியாயமான தேர்வுதான். ஆனால் அதனாலேயே சென்னைக்குத் தெற்கே அவுட்போர்டு பாகம் வைத்திருக்கும் கடைகள் அருகிப்போயின. யாழ்ப்பாணக் கரையில் போர்க்காலத்தில் மோட்டாரின் குதிரைத்திறனுக்கும் எரிபொருளுக்குமே கட்டுப்பாடு இருந்தது. அந்த ஆண்டுகளில் பாகம் தேடுவது அவர்களுக்கு எவ்வளவு பெரிய பாடாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி அளவுக்கு வருகிறேன்.

புரொப்பல்லரின் மேல் பெரும்பாலும் இரண்டு எண்கள் பொறித்திருக்கும். எட்டுக்கு ஏழரை, ஒன்பதுக்கு ஒன்பது என்பதுபோல். முதல் எண் விட்டம். இரண்டாவது பிட்ச்: தண்ணீர் கெட்டியாக இருந்து, புரொப்பல்லர் ஒரு திருகாணிபோல் அதில் ஏறினால், ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னேறும் என்பது. மச்சான் கொண்டுவந்ததில் எண்கள் தேய்ந்து போயிருந்தன. விட்டத்துக்குக் கவலை இல்லை. முழுதாக இருக்கும் இறக்கையின் நுனியிலிருந்து நடுமையம் வரை அளந்து இரண்டால் பெருக்கினால் போதும். 100 மில்லிமீட்டர் வந்தது. ஆக விட்டம் 200, ஏறக்குறைய 8 அங்குலம்.

பிட்ச் அளக்க மிஷின் எதுவும் தேவையில்லை. சமதளமான மேசை, ஒரு ஸ்கேல், ஒரு கோணமானி இருந்தால் போதும். புரொப்பல்லரை மேசையில் படுக்க வையுங்கள். மையத்திலிருந்து நுனி வரையுள்ள தூரத்தில் பத்தில் ஏழு பங்கு வரும் இடத்தில், இறக்கையின் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். எனக்கு அது 70 மில்லிமீட்டரில் விழுந்தது. அந்தக் கோட்டின் ஒரு முனை மேசையிலிருந்து எவ்வளவு உயரம், மறுமுனை எவ்வளவு உயரம் என்று பாருங்கள். எனக்கு வித்தியாசம் 42 மில்லிமீட்டர். இரண்டு முனைகளுக்கும் இடையே மையத்திலிருந்து பார்த்தால் 80 டிகிரி. 80 டிகிரிக்கு 42 என்றால் முழுச் சுற்றான 360 டிகிரிக்கு 189 மில்லிமீட்டர், அதாவது ஏழரை அங்குலம். நல்ல நிலையிலிருந்த இரண்டு இறக்கைகளையும் தனித்தனியே அளந்து சரிபார்த்தேன். திண்ணையில் அரைமணி நேரத்தில் முடிந்த வேலை. அதுவரை பெயர் தெரியாத அனாதையாக இருந்த பாகத்துக்கு அன்றைக்கு ஒரு முகவரி கிடைத்தது.

எந்தப் பக்கம் சுற்றுகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னாலிருந்து பார்க்கும்போது கடிகாரமுள் திசையில் சுற்றினால் வலச்சுற்று. ஒற்றை மோட்டார்களில் மிகப் பெரும்பாலானவை அந்த ரகம். புகை எந்த வழியாகப் போகிறது என்பதும் முக்கியம். புதிய மோட்டார்கள் பலவற்றில் புரொப்பல்லரின் நடுக்குழாய் வழியாகவே புகை வெளியேறும். பழைய சிறு மோட்டார்களில் புகைக்குத் தனி வழி. ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது, விட்டமும் பிட்ச்சும் ஒன்றாகவே இருந்தாலும்.

ஆனால் தேடலை முடித்துவைப்பதும் முடக்கிவைப்பதும் நடுத்துளைதான். என் அனுபவத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு ஏமாற்றம் இங்கேதான் வருகிறது. பழைய மோட்டார்களில் தண்டு உருண்டையாக, வழுவழுப்பாக இருக்கும். தண்டின் குறுக்கே ஒரு சிறு பின். புரொப்பல்லரின் பின்பக்கம் அந்தப் பின் உட்காரும் பள்ளம். கல்லில் அடித்தால் பின் அறுந்துவிடும், கியர் பிழைக்கும். இதற்காகவே இதை ஷியர் பின் என்கிறார்கள். பிரிட்டிஷ் சீகலில் பின்னுக்குப் பதில் ஒரு கனமான சுருள்வில் அந்த அடியை வாங்கிக்கொள்ளும். பிற்கால மோட்டார்களில் தண்டில் பல்வரிசை, அதாவது ஸ்ப்ளைன், இருக்கும். புரொப்பல்லருக்குள் ரப்பர் புஷ் இறுக்கி வைத்திருப்பார்கள். அடிபட்டால் ரப்பர் வழுக்கிக் கொடுக்கும். பல் எத்தனை, தண்டின் குறுக்களவு என்ன, துளை நேரானதா கூம்பானதா, பின்னால் உட்காரும் வாஷர் எப்படிப்பட்டது என்ற இந்த விவரம் பொருந்தினால் எந்தக் கம்பெனிப் புரொப்பல்லரும் உங்களுடையதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பின் அறுந்தால் கைக்குக் கிடைத்த ஆணியையோ உடைந்த டிரில் பிட்டையோ வெட்டிப் போடும் வழக்கம் எல்லாக் கரையிலும் இருக்கிறது. பின் என்பது அறுவதற்காகவே செய்த பாகம். அது அறாவிட்டால் அடுத்த அடி கியருக்குத்தான் போகும். பழைய மோட்டாரின் புரொப்பல்லரையாவது வார்த்துவிடலாம். கியரை வெட்டுவது வேறு செலவு, வேறு கதை. அதே அளவில் பித்தளைப் பின் பத்து வெட்டி ஒரு டப்பாவில் படகிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் புஷ் ரகம் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு சிறு சோதனை சொல்கிறேன். இன்ஜின் அலறுகிறது, படகு நகர மறுக்கிறது என்றால் இறக்கை நன்றாகவே இருக்கலாம், ரப்பர் இறுகிப்போய் வழுக்கலாம். உள்குழாயையும் வெளி உடலையும் சேர்த்து பெயின்டால் ஒரே நேர்க்கோடு போட்டுவிட்டு ஓட்டிப் பாருங்கள். திரும்பி வரும்போது கோடு இரண்டாக விலகியிருந்தால் புரொப்பல்லர் வாங்க வேண்டாம். பழைய ரப்பரைப் பிரஸ்ஸில் தள்ளிவிட்டுப் புதியதை ஏற்றினால் தீர்ந்தது.

அடுத்து வருவது அபிப்பிராய பேதமுள்ள இடம்: அசல் பிட்ச்சையே வைத்துக்கொள்ள வேண்டுமா? பழமை மாறாமல் பாதுகாக்கும் ஆர்வலர்கள் ஆம் என்பார்கள். 1965இல் அமெரிக்காவில் பழைய அவுட்போர்டுகளுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அங்கே அசலுக்குத்தான் மதிப்பு. நான் வேறு கட்சி. அந்த மோட்டாரை வடிவமைத்தவர் மனதில் இருந்தது ஏரியில் இரண்டு பேர் தூண்டில் போடும் லேசான மரப்படகு. நம் ஆட்கள் மாட்டுவதோ வலை, பனிக்கட்டி, நாலு பேர் ஏறிய கண்ணாடியிழைப் படகு. பாரம் கூடினால் மோட்டார் அதற்குரிய சுற்றை எட்டாமல் திணறும். திணறும் மோட்டார் சூடாகி ஆயுளை இழக்கும். பிட்ச்சை ஒரு அங்குலம் குறைத்தால் முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 150 முதல் 200 சுற்று வரை கூடும் என்பது தொழிலில் உள்ளவர்களின் பழைய கணக்கு. முழு பாரத்தோடு, முழுத் திறப்பில், மோட்டார் எத்தனை சுற்று ஓடுகிறது என்று ஒரு டேகோமீட்டரால் பார்த்துவிட்டு முடிவு செய்வதுதான் முறை.

பிட்ச்சிலிருந்து படகின் வேகம் வரும் கணக்கை ஒரு முறை போட்டுக் காட்டுகிறேன். மோட்டார் நிமிடத்துக்கு 4000 சுற்று, கியர் அதைப் பாதியாக்கினால் புரொப்பல்லருக்கு 2000. ஒரு சுற்றுக்கு 19 சென்டிமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 380 மீட்டர், மணிக்கு ஏறத்தாழ 23 கிலோமீட்டர். தண்ணீர் கெட்டியில்லை அல்லவா, பாரப் படகில் முப்பது சதவீதம் வழுக்கலில் போய்விடும். மிச்சம் 16. மச்சானின் படகு முன்பு ஓடிய வேகமும் கிட்டத்தட்ட அதுதான் என்றார். அளவு சரி என்ற தைரியம் எனக்கு அந்தப் பேச்சில்தான் வந்தது.

அளவு கையில் இருந்ததால் கடைகளில் என் பேச்சே மாறியது. காசிமேட்டில் முன்பு "பழைய அமெரிக்க மோட்டாருக்கு இருக்கா?" என்று கேட்டபோது தலையசைப்புதான் கிடைத்தது. "எட்டுக்கு ஏழரை, அரை அங்குலத் துளை, பின் டைப்" என்று கேட்டபோது ஒரு கடைக்காரர் மேலே பரணில் ஏறினார். கிடைத்தது பிட்ச் பொருந்தாத ஒன்று. ஆனாலும் ஏறினாரே, அதுதான் முன்னேற்றம். புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளிலும் ஜெனரல் பாட்டர்ஸ் ரோடு பக்கமும் புரொப்பல்லர் கிடைக்காது. ஆனால் வாஷர், ஆயில் சீல், பொருத்தமான புஷ் எல்லாம் அங்கே அளவு சொல்லி வாங்கலாம். வெளிநாட்டில் மாற்றுப் புரொப்பல்லர் செய்வதையே தொழிலாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 1903இல் தொடங்கிய அமெரிக்காவின் மிச்சிகன் வீல், தைவானின் சோலாஸ் போன்றோர். ஸ்ப்ளைன் வைத்த பிற்கால மோட்டார்களுக்கு அவர்களிடம் தேடுவது பலன் தரும். பின் ரகப் பழைய மோட்டாருக்கு அங்கே நம்பிக்கை குறைவு. கிடைத்தாலும் பாகத்தின் விலையை அதைக் கொண்டுவரும் செலவு விழுங்கிவிடும்.

பழையதையே சரிசெய்வது பலருக்கும் போதுமானது. இறக்கை வளைந்திருந்தால் நிமிர்த்தலாம். அலுமினியம் இரும்பைப்போலச் சிவந்து எச்சரிக்காது. 660 டிகிரியில் திடீரென்று உருகிக் கீழே விழும். அதனால் பட்டறைக்காரர்கள் குளியல் சோப்பைத் தேய்த்துவிட்டுச் சூடேற்றுவார்கள். சோப்பு கறுத்தால் நிறுத்திவிட்டு மரச் சுத்தியலால் தட்டுவார்கள். ஓரம் சிதைந்திருந்தால் ஆர்கான் வெல்டிங்கில் கட்டி, அரத்தால் வடிவம் கொண்டுவரலாம். பாதி இறக்கையே போய்விட்டால் வெல்டிங் வேண்டாம் என்பேன். கட்டிய இறக்கை மற்ற இரண்டைப்போல வராது. எடை ஒருபக்கம் சாய்ந்து, அதிர்வு தண்டின் சீலைத் தின்று, கியர் பெட்டிக்குள் உப்புநீர் போகும்.

மிஞ்சியது வார்ப்பு. உடைந்த பழையதையே மண்ணில் அழுத்தி அச்செடுத்தால் என்ன என்று எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. வடக்குப்பட்டுக்கு அருகே நாலைந்து பேர் வேலை செய்யும் சிறிய ஃபவுண்டரி ஒன்றில் மோல்டிங் பார்க்கும் பெரியவர் என் கையிலிருந்ததை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதை அப்படியே வச்சா புள்ளை சின்னதா பொறக்கும்" என்றார். உருகிய அலுமினியம் ஆறும்போது ஏறக்குறைய 1.3 சதவீதம் சுருங்கும். 200 மில்லிமீட்டருக்கு இரண்டரை மில்லிமீட்டர் போய்விடும். பிட்ச்சும் அதே விகிதத்தில் குறையும். ஆகவே உடைந்த இறக்கையின் மேல், நல்ல இறக்கையைப் பார்த்துப் பார்த்து கார் டிங்கரிங் பட்டி பூசி வளர்த்து, எல்லா ஓரங்களிலும் சுருக்கத்துக்கு வேண்டிய அளவு கூட்டி, துளையை அடைத்து ஒரு பேட்டர்ன் செய்தோம். துளையை வார்த்தபின் லேத்தில் போட்டுக்கொள்ளலாம்.

எந்த அலுமினியம் என்பதில் தயவுசெய்து அசட்டையாக இருக்காதீர்கள். எங்கள் வட்டாரத்தில் மலிவாகக் கிடைப்பது ஏ.டி.சி.12 என்ற டைகாஸ்டிங் கலவையும், பழைய பிஸ்டன், இன்ஜின் ஸ்கிராப்பும்தான். அவற்றில் செம்பு இருக்கிறது. கடல்நீரில் செம்பு கலந்த அலுமினியம் சீக்கிரம் பொரிந்துவிடும். எல்.எம்.6 என்ற கலவையைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் சிலிக்கன் 10 முதல் 13 சதவீதம். செம்பு ஏறக்குறைய இல்லை. மெல்லிய இறக்கை நுனிவரை ஓடி நிரம்பும், உப்பையும் தாங்கும். கன்மெட்டல் என்ற செம்புக் கலவையில் ஊற்றலாமே என்று சிலர் சொன்னார்கள். விசைப்படகுகளுக்கு அது சரி. சிறிய அவுட்போர்டில் மூன்று மடங்கு எடை தண்டில் ஏறும். மேலும் அலுமினியக் கியர் பெட்டியோடு உப்புநீரில் செம்புக் கலவை சேர்ந்தால் அரிக்கப்படுவது பெட்டிதான். துத்தநாகக் கட்டி மாட்டி ஓரளவு தடுக்கலாம், அவ்வளவே.

ஸ்டெயின்லெஸ் புரொப்பல்லர்களை உலகம் முழுக்க மெழுகு வார்ப்பில்தான் செய்கிறார்கள்: மெழுகில் உருவம், அதன்மேல் பூச்சு, மெழுகை உருக்கி வெளியேற்றி உலோகம். சுவாமிமலையில் நடராஜர் பிறப்பதும் இதே வழியில்தான். இன்று பிளாஸ்டிக்கில் அச்சடித்த உருவத்தை மெழுகுக்குப் பதிலாக எரித்துவிட்டும் வார்க்கிறார்கள். பழைய புரொப்பல்லரை ஸ்கேன் செய்து, கணினியில் உடைந்த இறக்கையை முழுமையாக்கி, அச்சடித்து வார்க்க வேண்டிய அத்தனை கருவியும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே இருக்கிறது.

எனக்கு வலித்த இடம் இதுதான். இந்த வட்டாரத்தில் லாரி செய்கிறார்கள், கார் செய்கிறார்கள், புல்லட் செய்கிறார்கள். நுண்ணளவு பார்க்கும் மிஷின் இல்லாத வெண்டார் இல்லை. ஆனால் "ஒண்ணு வேணும்" என்றால் கேட்டே உள்ளே விடாது. குறைந்தது ஐந்நூறு, ஆயிரம் என்பார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் மிஷினை நிறுத்தி ஒரு பாகத்துக்கு செட்டிங் போட்டால் அவர்களுக்கு நஷ்டம். ஆனாலும் லட்சம் செய்யத் தெரிந்த ஊருக்கு ஒன்று செய்ய வழியில்லாமல் போவது ஊரின் கைத்திறனுக்கே குறை. எங்கள் ஊரில் இந்தியத் தொல்லியல் துறை 2022இல் அகழ்ந்தபோது, ஆதிமனிதர் செதுக்கிய கற்கருவிகள் கிடைத்தன. கடல்கடந்து ரோமானியக் கப்பலில் வந்த ஆம்போரா சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. அந்தக் குழிகளை எட்டிப் பார்த்தவன் நான். ஒவ்வொரு கருவியும் ஒரு கைக்கு, ஒரு தேவைக்குச் செய்தது. அந்த வேலை இன்று சிறிய பட்டறைகளில் மட்டும் மிச்சமிருக்கிறது. ஆர்டர் இல்லாமல் அவையும் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்குகின்றன.

எங்கள் வார்ப்பு இரண்டாம் முறைதான் தேறியது. முதலில் ஊற்றியதில் ஒரு இறக்கையின் வேரில் காற்றுக்குமிழி. உடைத்து உருக்கிவிட்டார் பெரியவர். இரண்டாவதை லேத்தில் அரை அங்குலம் துளையிட்டு, பின் பள்ளத்தை அரத்தால் வெட்டி, ஒரு தண்டில் கோத்து இரண்டு கத்தி விளிம்புகளின்மேல் வைத்தோம். கனமான இறக்கை கீழே வந்து நின்றது. அதைச் சிறிது இழைத்து, மறுபடி வைத்து, எந்த நிலையில் விட்டாலும் அசையாமல் நிற்கும்வரை இழைத்தோம். ஒரு மாலை முழுக்க ஆனது. மச்சான் அதை மாட்டி முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் ஓட்டினார். இப்போது தினமும் ஓட்டுகிறார்.

அந்தப் பேட்டர்னை ஃபவுண்டரிச் சுவரில் மாட்டி, அதன் முதுகில் பெயின்டால் அளவுகளை எழுதிவைத்திருக்கிறோம். கரையோர மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் ஒவ்வொன்றும் இப்படிப் பத்து இருபது பேட்டர்ன்களை ஒரு அலமாரியில் வைத்துக்கொண்டால் எந்தக் கம்பெனி மூடினாலும் நம் மோட்டார்கள் நிற்காது. உங்கள் கொட்டகையிலும் உடைந்த புரொப்பல்லர் ஒன்று கிடக்கலாம். எடைக்குப் போடுமுன் விட்டம், பிட்ச், துளை, சுற்றும் பக்கம், பின்னா ஸ்ப்ளைனா என்ற ஐந்தையும் ஒரு தாளில் எழுதி மோட்டாரிலேயே கட்டிவிடுங்கள். முடிந்தால் அந்த உடைந்ததையும் எடைக்குப் போடாமல் வைத்திருங்கள்.